தாத்தாவின் பிளம் மரம்: செக் நாட்டிலிருந்து ஒட்டுக்குச்சி கொண்டுவரலாமா?

இழையைத் தொடங்கியவர் (கிளீவ்லண்ட்):

தோட்டம் வளர்க்கும் நண்பர்கள் அனைவருக்கும் வணக்கம். என் கணவரின் தாய்வழித் தாத்தா சென்ற அக்டோபர் மாதம் தம் 88-ஆம் வயதில் காலமானார். அவரைப் பற்றிச் சில செய்திகளைச் சொல்லிவிட்டு, இறுதியில் உங்களிடம் ஒரு கேள்வி கேட்க விரும்புகிறேன். சற்று நீளமான பதிவு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

அவர் 1936-இல் அன்றைய செக்கோஸ்லோவாக்கியாவின் மொராவியப் பகுதியில், வீசோவிட்சே என்ற ஊருக்கு அருகிலுள்ள மலையடிவாரச் சிற்றூர் ஒன்றில் பிறந்தார். பிளம் மரங்களுக்குப் பெயர்போன பகுதி அது. பக்கத்து நகரமான ஸ்லீன் நமக்கு முற்றிலும் அந்நியமானதும் அன்று. ஜூன் மாதத்தில் பள்ளி திறக்கும்போது நம் வீடுகளில் வாங்கித் தரும் பாட்டா காலணி அந்த ஊரில்தான் பிறந்தது. போருக்குப் பின் அரசுடைமையான அந்தத் தொழிற்சாலையில் கடைசல் இயந்திரம் ஓட்டும் வேலையில் இவர் சேர்ந்தபோது, ஊரின் பெயரையே கொட்வால்தொவ் என்று மாற்றியிருந்தார்கள். 1949-இல் மாறிய அந்தப் பெயர் 1990-இல்தான் பழையபடி ஸ்லீன் ஆனது. அவருடைய தந்தையின் நிலம் ஐம்பதுகளில் கூட்டுறவுப் பண்ணைக்குள் போய்விட்டது. வீட்டை ஒட்டிய ஒரு துண்டு நிலமும் அதில் நின்ற பிளம் மரங்களும் மட்டுமே குடும்பத்திடம் எஞ்சின.

1968 ஆகஸ்ட் 21 அன்று சோவியத் தலைமையிலான படைகள் நாட்டுக்குள் நுழைந்தன. எல்லை முழுவதுமாக அடைபடுவதற்குள், மறு ஆண்டின் கோடையில், விடுமுறைப் பயணம் என்று சொல்லிவிட்டு மனைவியையும் ஆறு வயது மகளையும் (என் மாமியார்) அழைத்துக்கொண்டு ஆஸ்திரியாவுக்குப் போனவர் திரும்பவில்லை. அனுமதியின்றி வெளிநாட்டில் தங்கிவிடுவது அந்நாளில் அங்கே குற்றம். ஆகவே, அவருடைய தாய் இறந்த செய்தி கடிதமாக வந்தபோதும் அவரால் ஊருக்குப் போக முடியவில்லை.

கிளீவ்லண்டில் செக் மக்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்து வந்ததால் அவர் இங்கு வந்து சேர்ந்தார். பிராட்வே தெருவில் 1897-இல் திறக்கப்பட்ட பொஹீமிய தேசிய மண்டபம் இன்றும் இருக்கிறது. செக்கரும் ஸ்லோவாக்கியரும் ஒரே நாடாக இணைவது குறித்து 1915-இல் உடன்பாடு செய்துகொண்ட இடம் அது. ஆனால் தாத்தாவுக்கு மண்டபத்தைவிடத் தோட்டம்தான் வேண்டியிருந்தது. 1971-இல் சிறிய வீடு ஒன்றை வாங்கிய அவர், கூரையைப் பழுது பார்ப்பதற்கு முன்பே கொல்லையில் ஒரு பிளம் கன்றை நட்டார் என்று பாட்டி சொல்வார்.

அந்த ஆண்டிலிருந்தே ஒரு குறிப்பேடும் வைத்திருந்தார். கடைசி உறைபனி விழுந்த நாள், முதல் பட்டாணி விதைத்த நாள், பிளம் பூத்த நாள், காய்ச்சிய பொவித்லா எத்தனை புட்டி என்று ஆண்டுதோறும் செக் மொழியில் எழுதி வந்திருக்கிறார். பொவித்லா என்பது சர்க்கரையே சேர்க்காமல், நன்கு கனிந்து காம்பருகே சுருங்கத் தொடங்கிய பிளம் பழங்களை நாள் முழுவதும் காய்ச்சி எடுக்கும் கறுப்பு விழுது. நம் வீட்டில் அல்வா கிண்டுவது போலக் கை எடுக்காமல் கிளற வேண்டும். அடி பிடித்தால் அவ்வளவும் வீண். செப்டம்பர் மாதச் சனிக்கிழமை ஒன்றில் விடியற்காலை தொடங்கி இரவு வரை குடும்பத்தில் ஒவ்வொருவரும் முறைவைத்துத் துடுப்பைப் பிடிப்போம். துடுப்பை நிமிர்த்தினால் விழுது கீழே விழாமல் நிற்க வேண்டும் என்பது அவருடைய பதம்.

நான் மருமகளாக வந்த முதல் நாளில், தோட்டத்திலிருந்து அப்போதே பிடுங்கிய ஒரு காயைச் சீவி, உப்புத் தொட்டு என் கையில் கொடுத்தார். அது நூல்கோல். அவர்கள் மொழியில் கெத்லுப்னா. அந்த நாட்டுக் குழந்தைகள் அதைப் பச்சையாகவே கடித்துத் தின்பார்களாம். எங்கள் ஊரில் இதைக் கூட்டாகவும் சாம்பாராகவும் சமைப்போம் என்று சொன்னேன். அடுத்த வாரம் ஐந்து காய்களைக் கூடையில் வைத்துக்கொண்டு வாசலில் வந்து நின்றார். செக் மொழியில் தாத்தாவை டியெதா என்பார்கள். நான் தாத்தா என்று அழைத்தபோது அவர் வேற்றுமை பாராட்டவில்லை. என் உச்சரிப்பு கொஞ்சம் தேறினால் சரியாகிவிடும் என்றே நெடுநாள் நினைத்துக்கொண்டிருந்தார்.

இப்போது கேள்வி. பாட்டியும் இல்லாததால், வரும் வசந்தத்தில் அந்த வீட்டை விற்கவிருக்கிறோம். அதற்குப் பிறகு நானும் என் கணவரும் அவருடைய ஊருக்குச் சென்று, அங்கே அவர் பிறந்த வீட்டில் நிற்கும் பழைய பிளம் மரத்திலிருந்து சில ஒட்டுக்குச்சிகளை வெட்டிக் கொண்டுவந்து எங்கள் வீட்டில் ஒட்டுக்கட்டி வளர்க்க நினைக்கிறோம். இது நடைமுறையில் இயலுமா? குச்சியை எப்படிப் பாதுகாப்பது?

தோட்டக்கலை படித்தவர் (பெரியகுளம், இப்போது ஓரிகன்):

சகோதரி, உங்கள் தாத்தாவுக்கு என் அஞ்சலி. நீங்கள் கேட்டதற்கு விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: தயவுசெய்து கொண்டுவராதீர்கள். காரணத்தை விரிவாகச் சொல்வது என் கடமை.

ஐரோப்பாவின் பிளம் மரங்களை ஷார்கா என்ற நச்சுயிரி நோய் பல பத்தாண்டுகளாக வாட்டி வருகிறது. பல்கேரிய மொழியில் அம்மை என்று பொருள்படும் சொல் அது. அங்குதான் இந்நோய் முதலில் கண்டறியப்பட்டது. இலைகளில் வெளிறிய வளையங்கள் தோன்றும். பழத்தில் குழிகள் விழும். கனிவதற்கு முன்பே பழங்கள் உதிர்ந்துவிடும். உண்பவருக்குத் தீங்கில்லை, ஆனால் மரத்துக்கு மருந்தே கிடையாது. ஒரு தோட்டத்துக்குள் இந்நோயை அசுவினிப் பூச்சிகள் பரப்புகின்றன. கடல் கடந்து பரப்புவது மனிதர்கள் கொண்டுபோகும் ஒட்டுக்குச்சியும் கன்றும்தான். பார்வைக்கு நலமாகத் தெரியும் மரத்திலும் நச்சுயிரி இருக்கலாம். குச்சியைக் கழுவினாலும் போகாது, குளிரூட்டினாலும் சாகாது.

அமெரிக்காவில் இந்நோய் முதன்முதலாக 1999-இல் பென்சில்வேனியாவில் தென்பட்டது. அதை ஒழிப்பதற்காக அங்கே பழத்தோட்டங்களை வேரோடு அகற்றி அழித்தார்கள். அந்த மாநிலம் நோயற்றது என்று அறிவிக்கப் பத்தாண்டுகள் ஆயின. பிளம் மட்டுமன்றி பீச், பாதாமி (ஆப்ரிகாட்) மரங்களும் இதற்கு இரையாகும். ஆகவேதான் இவ்வகை மரங்களின் குச்சிகளைத் தனிமனிதர் பையில் வைத்து எடுத்து வருவதற்கு அனுமதி இல்லை. இது வெறும் காகிதச் சட்டம் அன்று. உங்கள் வீட்டிலிருந்து சிறிது தொலைவிலேயே ஏரிக்கரைப் பழத்தோட்டங்கள் இருக்கின்றன.

மூத்த வாசகர் (டொராண்டோ):

பிள்ளை, உங்கட பதிவை இரண்டு முறை வாசித்தேன். நான் 1983-க்குப் பிறகு யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவன். எங்கள் வளவில் நின்ற கறுத்தக்கொழும்பான் மாமரத்தை இன்றும் கனவில் காண்கிறேன். அதைக் கனடாவின் பனியில் நட்டு வளர்க்க எனக்கு வழியே இல்லை. உங்கள் தாத்தாவின் மரமோ இந்தக் குளிரைத் தாங்கக்கூடிய மரம். நாட்டைவிட்டு ஓடிவந்த ஒரு மனிதன் ஆசைப்பட்டிருக்கக்கூடிய ஒரே பொருளை, அவர் மறைந்த பிறகாவது கொண்டுவந்து சேர்க்க வேண்டும் என்ற உங்கள் எண்ணத்தை விதிகளைக் காட்டி இவ்வளவு விரைவாக மூடிவிட வேண்டுமா என்று தோட்டக்கலை படித்த தம்பியிடம் கேட்கிறேன். முறையாகச் சோதித்து, அனுமதி பெற்று, தனிமைப்படுத்தி வளர்த்துக் கொண்டுவரும் வழி ஒன்றும் இல்லையா?

ப்ராக் நகரில் வசிப்பவர்:

ஐயாவின் கேள்விக்கு ஒரு பகுதி விடை என்னிடம் இருக்கிறது. இந்நாட்டின் பழமர வகைகளைக் காக்கும் ஆராய்ச்சி நிலையம் ஹொலொவோசி என்ற ஊரில் உள்ளது. ஆனால் அங்கே பாதுகாப்பது வகைகளை. ஒரு குடும்பத்தின் தனி மரத்தை அன்று. நாடு விட்டு நாடு முறைப்படி அனுப்புவதும் நிறுவனங்களுக்கிடையே நடக்கும் நெடிய வேலை.

இன்னொரு செய்தியையும் இங்கே சொல்ல வேண்டும். ஷார்கா பரவியபின் மொராவியாவின் பழைய வீட்டு பிளம் மரங்களில் பல போய்விட்டன. அந்த இடங்களில் நோயை ஓரளவு தாங்கி நின்று விளைச்சல் கொடுக்கும் வேறு வகைகளை மக்கள் நட்டார்கள். அவற்றில் மிகப் பரவலான ஒன்று ஸ்டான்லி. நீங்கள் பயணச்சீட்டு வாங்குமுன், அந்த மரம் இன்னும் நிற்கிறதா என்று ஊரில் இருப்பவரிடம் விசாரித்துக்கொள்வது நல்லது.

கூடவே ஒரு வேண்டுகோள். அந்தக் குறிப்பேட்டை வீட்டுச் சாமான்களோடு போக விட்டுவிடாதீர்கள். இங்கே முதியவர்கள் பருவத்தை நாட்காட்டியில் பார்ப்பதில்லை, புனிதர்களின் நாட்களைக் கொண்டு பார்க்கிறார்கள். உங்கள் தாத்தா "பனி மனிதர்கள்" என்று எழுதியிருக்கிறாரா?

இழையைத் தொடங்கியவர்:

எழுதியிருக்கிறார்! ஒவ்வோர் ஆண்டும் மே மாதப் பக்கத்தில் பங்க்ராட்ஸ், செர்வாட்ஸ், பொனிஃபாட்ஸ் என்று மூன்று பெயர்கள் இருக்கும். 12, 13, 14 ஆகிய தேதிகளுக்குரிய புனிதர்கள் அவர்கள், மறுநாள் ஷோஃபியே. அந்த நாட்கள் கழியும் வரை தக்காளி நாற்றை வெளியே நடக் கூடாது என்பது அவருடைய உறுதியான கட்டளை. ஓர் ஆண்டு வெயிலை நம்பி மே முதல் வாரத்திலேயே நான் கத்தரி நாற்றை நட்டுவிட்டேன். அவர் ஒன்றும் சொல்லாமல் பழைய போர்வைகளைக் கொண்டுவந்து என் வீட்டு வாசலில் வைத்துவிட்டுப் போனார். பதின்மூன்றாம் தேதி இரவு உறைபனி விழுந்தது. போர்வையால்தான் கத்தரி பிழைத்தது. அன்றைக்கு "ஆடிப்பட்டம் தேடி விதை" என்ற நம் பழமொழியை அவருக்குச் சொன்னேன். பொருளைக் கேட்டறிந்து, அதைச் செக் எழுத்தில் அப்படியே குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். அந்தப் பக்கம் இப்போது என் முன்னால் திறந்திருக்கிறது.

தோட்டக்கலை படித்தவர் சொன்ன ஒன்று என்னை உலுக்கிவிட்டது. 1989 நவம்பரில் அங்கே கம்யூனிஸ்ட் ஆட்சி வீழ்ந்த பிறகு, 1991 கோடையில் தாத்தாவும் பாட்டியும் ஊருக்குப் போனார்கள். பாட்டி சொன்ன கதை ஒன்று உண்டு. இத்தனை நாளும் அதன் பொருள் எனக்கு முழுதாக விளங்கவில்லை. அந்த மரத்தடியில் அவர் ஒட்டுக்கட்டும் கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு நெடுநேரம் நின்றாராம். பிறகு ஓர் இலையை வெயிலுக்கு நேரே தூக்கிப் பார்த்துவிட்டு, கத்தியை மடித்துப் பைக்குள் போட்டுக்கொண்டாராம். மனம் நெகிழ்ந்துபோய்க் கையால் வெட்ட முடியவில்லை என்றே பாட்டி நினைத்திருந்தார். இலையில் அவர் வளையங்களைக் கண்டிருக்கிறார் என்று எனக்கு இப்போதுதான் உறைக்கிறது. அவர் வெட்டாமல் விட்ட குச்சியை நான் வெட்டிக் கொண்டுவர இருந்தேன்.

ஊரில் இருக்கும் உறவினரிடம் இன்றிரவே மாமியாரைப் பேசச் சொல்கிறேன்.

மூத்த வாசகர் (டொராண்டோ):

பிள்ளை, நான் முன்பு எழுதியதை மீட்டுக்கொள்கிறேன். வந்த புதிதில் நயாகராப் பகுதியில் பீச் தோட்டம் ஒன்றில் பழம் பறிக்கும் வேலை பார்த்தேன். 2000-ஆம் ஆண்டில் இதே நோய் அங்கே கண்டுபிடிக்கப்பட்டபின், எனக்குத் தெரிந்த விவசாயி ஒருவர் தம் தந்தை நட்ட மரங்களைப் பிடுங்க வேண்டி வந்தது. அந்த நோயின் பெயரை அன்று நான் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. தம்பி எழுதியதைப் படித்த பிறகுதான் இரண்டும் ஒன்றெனத் தெரிந்தது. உங்கள் தாத்தா அந்த விவசாயியை அறியாமலே அவருக்கு நன்மை செய்திருக்கிறார்.

இழையைத் தொடங்கியவர்:

உறவினர் பேசினார். தாத்தாவுக்கு ஒன்றுவிட்ட தம்பி மகன் அவர். அந்த வீட்டில் இப்போது குடியிருப்பவரும் அவரே. பழைய மரத்தை இருபது ஆண்டுகளுக்கு முன்பே வெட்டிவிட்டார்களாம். தாத்தாவிடம் சொன்னால் தாங்கமாட்டார் என்று மறைத்துவிட்டார்கள். தொலைபேசியில் அவர் மரத்தைப் பற்றிக் கேட்கும்போதெல்லாம் "இவ்வாண்டு நன்றாகக் காய்த்தது" என்று சொல்லி வந்திருக்கிறார்கள். அவர்கள் பொய் சொன்னதாகவும் கொள்ள முடியாது, அதே குழியில் வேறொரு மரத்தை நட்டுவிட்டிருந்தார்கள். அது ஸ்டான்லி என்று சொல்கிறார்.

குறிப்பேட்டின் முதல் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். 1971 ஏப்ரல் மாதக் குறிப்பில், நாற்றுப்பண்ணையில் வாங்கிய கன்றின் பெயரை ஸ்டான்லி என்று எழுதி, அடியில் கோடிட்டிருக்கிறார். அதை அவர் "அமெரிக்கக்காரன்" என்றே கடைசிவரை அழைத்து வந்தார். ஊர்ப் பழத்தின் புளிப்பு இதில் இல்லை என்று ஆண்டுதோறும் குறைபட்டுக்கொண்டே அதிலிருந்து பொவித்லா காய்ச்சினார். இதை எப்படி எடுத்துக்கொள்வதென்று எனக்குத் தெரியவில்லை. மாமியார் நேற்றெல்லாம் பேசவே இல்லை.

தோட்டக்கலை படித்தவர்:

சகோதரி, ஸ்டான்லியின் வரலாற்றைச் சொல்கிறேன். நியூயார்க் மாநிலத்தில் ஜெனீவா என்ற ஊரிலுள்ள வேளாண் ஆய்வு நிலையத்தில் உருவாக்கி 1926-இல் வெளியிட்ட வகை அது. பெற்றோரில் ஒன்று பிரான்சின் அழான் பிளம். ஐரோப்பிய இரத்தம் அமெரிக்காவில் ஒட்டி வளர்ந்து, பிறகு ஐரோப்பாவுக்கே போய், நோயால் பட்டுப்போன இடங்களை நிரப்பியிருக்கிறது. ஒட்டுக்கட்டிப் பெருக்கும் மரங்கள் அனைத்தும் ஒரே உடலின் துண்டுகள். விதையிலிருந்து பிறக்கும் பிள்ளைகளைப் போன்றவை அல்ல. எனவே, உங்கள் கொல்லையில் நிற்பதும் மொராவியாவின் அந்தக் குழியில் நிற்பதும் உண்மையாகவே ஒரே மரம்தான்.

ஆகவே என் யோசனை இது. வீடு கைமாறுமுன் கிளீவ்லண்ட் மரத்திலிருந்து குச்சி எடுங்கள். செடிகளுக்குக் காப்புரிமை வழங்கும் சட்டம் 1930-இல்தான் வந்தது. ஸ்டான்லி அதற்கு முந்தையது, யாரும் தடையின்றிப் பெருக்கலாம். தன் மகரந்தத்திலேயே காய்க்கும் வகை என்பதால் ஒரு மரமே போதும்.

பிப்ரவரி இறுதியில், மொட்டு உறங்கிக்கொண்டிருக்கும்போது, சென்ற ஆண்டு வளர்ந்த பென்சில் கனமுள்ள குச்சிகளை வெட்டுங்கள். ஈரத்தாளில் சுற்றி, நெகிழிப் பைக்குள் வைத்துக் குளிர்பெட்டியில் பத்திரப்படுத்துங்கள். அதே தட்டில் ஆப்பிள் முதலிய பழங்களை வைக்காதீர்கள். அவை வெளியிடும் வளி மொட்டுகளைக் கெடுத்துவிடும். ஏப்ரலில் வேர்க்கன்றின் (குச்சியைப் பொருத்தும் அடிக்கன்றின்) மொட்டு உப்பத் தொடங்கியதும் ஒட்டுக்கட்டுங்கள். எங்கள் ஊரில் மாமரத்துக்குச் செய்யும் இளந்தண்டு ஒட்டு வேண்டாம். இரண்டையும் ஒரே சாய்வில் சீவி, நாக்குப் போலக் கீறி, ஒன்றுக்குள் ஒன்றைச் செருகும் முறையே பிளமுக்கு ஏற்றது. பட்டைக்கு அடியிலுள்ள பச்சைப் படலங்கள் ஒரு பக்கமாவது துல்லியமாகப் பொருந்த வேண்டும். அவருடைய கத்தி உங்களிடம் இருக்கிறதா? இருந்தால் நன்றாகத் தீட்டி, ஸ்பிரிட்டால் துடைத்துப் பயன்படுத்துங்கள்.

ப்ராக் நகரில் வசிப்பவர்:

செப்டம்பரில் வாருங்கள். பழம் தின்பதற்கும், பொவித்லா கிளறுவதற்கும் எந்தத் தடையும் இல்லை. வீசோவிட்சே வரை நானும் துணைக்கு வருகிறேன்.

இழையைத் தொடங்கியவர் (மே மாதம்):

நெடுநாள் கழித்து எழுதுகிறேன். பிப்ரவரி கடைசி ஞாயிற்றுக்கிழமை, முழங்கால் வரை பனியில் நின்று என் கணவர் பன்னிரண்டு குச்சிகள் வெட்டினார். இட்லி மாவுக்குப் பக்கத்தில் ஆறு வாரங்கள் அவை உறங்கின. கத்தி தாத்தாவின் மேலங்கிப் பையிலேயே கிடந்தது. மாமியார் எடுத்துக் கொடுத்தார். பழகாத கையால் ஏழு கன்றுகளில் ஒட்டுக்கட்டினோம். மூன்று காய்ந்துவிட்டன, நான்கு துளிர்த்துள்ளன. ஒன்று எங்களுக்கு, ஒன்று மாமியாருக்கு, ஒன்று நாத்தனாருக்கு. நான்காவதை அந்த வீட்டை வாங்கியிருப்பவர்கள் கேட்டிருக்கிறார்கள். பழைய மரம் முதுமை எய்திவிட்டது, அதன் பக்கத்திலேயே நடப்போகிறார்களாம். அவர்களுக்கு ஐந்து வயதில் ஒரு மகன் இருக்கிறான். கொல்லையைச் சுற்றிக் காட்டியபோது என்னிடம் நூறு கேள்விகள் கேட்டான்.

நேற்று ஷோஃபியே. தக்காளி நாற்றுகளை இன்று காலையில்தான் வெளியே எடுத்து வைத்தோம். குறிப்பேட்டில் எஞ்சியிருக்கும் பக்கங்களில் தேதியிட்டு எழுதும் வேலையை மாமியார் ஏற்றுக்கொண்டிருக்கிறார். இன்று செக் மொழியில் அவர் எழுதியிருப்பது இவ்வளவுதான்: பனி மனிதர்கள் போய்விட்டார்கள், உறைபனி இல்லை, நான்கு பிளம் கன்றுகள், நூல்கோல் இரண்டு வரிசை.